அரசலாறு ஃபங்க்: ஏழு மாதமும் ஒரு தும்மலும்

நேற்று மாலை நெடுங்காடு கல்யாண மண்டபத்தில் ஒருவன் மைக்கில், "யாராச்சும் தும்முங்கப்பா!" என்று கெஞ்சினான்.

காரணம் புரிய, பன்னிரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

அப்போது காரைக்காலில் எங்களுக்கு ஒரு பேண்ட் இருந்தது. பெயர் 'அரசலாறு ஃபங்க்'. (சிரிக்காதீர்கள், லோகோ எல்லாம் வரைந்தோம்!)

லூயி சாக்ஸபோன். நான் பேஸ் கிட்டார். செல்வம் தவில், லூயியின் மாமா பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த ஜெம்பே என்ற ஆப்பிரிக்கக் கைமேளமும் அவனேதான்.

தருமபுரத்தில் லூயி வீட்டு மாடியில் ஏழு மாதம் பிராக்டிஸ். என் ஃபங்க் பேஸுக்குள் செல்வத்தின் தவில் வந்து விழும்போது உடம்பு சிலிர்க்கும். அந்தச் சந்தோஷம் எனக்கு அப்புறம் கிடைக்கவே இல்லை.

மேடை ஏறியது ஒரே ஒரு முறை. கடற்கரையில்.

லூயியின் சோலோ. உருக்கமாக வாசித்து, நடுவில் சட்டென்று நிறுத்துவான். நான்கு எண்ணிக்கை முழு அமைதி.

அந்த அமைதியில் ஒரு தும்மல்!

செல்வம் சின்ன வயதிலிருந்தே அப்பாவின் மேளத்தோடு கல்யாணங்களுக்குப் போனவன். தாலி கட்டும்போது தும்மல் காதில் விழக் கூடாது. கை தானாகப் போய்விட்டது.

கெட்டிமேளம்!!

கூட்டம் சிரித்து உருண்டது. (முன் வரிசை அத்தை ஒருவர் பழக்கதோஷத்தில் அட்சதைக்குக் கை நீட்டினார்.)

லூயி மேடையிலேயே கத்தினான்: "கல்யாண மேளக்காரன வச்சு ஜாஸ் வாசிக்க வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

செல்வம் எழுந்தான். தவிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதம் லூயி பாரிஸுக்குப் போனான். பேண்ட் முடிந்தது. இருவரும் அதன்பின் பேசவே இல்லை.

போன மாதம் லூயிக்கு போன் போட்டேன். "செல்வம் தங்கச்சிக்குக் கல்யாணம். வாடா."

"அவன் கூப்பிடச் சொன்னானா?"

"ஆமா." (பச்சைப் பொய்!)

வந்துவிட்டான். சாக்ஸபோனோடு!

ரிசப்ஷன் மேடையில் ஏறி, அதே சோலோவை வாசித்தான். அதே இடத்தில் நிறுத்தினான். செல்வத்தைப் பார்த்தான்.

அமைதி.

அப்போதுதான் கெஞ்சினான், "யாராச்சும் தும்முங்கப்பா!"

கல்யாண வீட்டில் யார் தும்முவார்கள்?

செல்வம் பட்டு வேட்டியோடு எழுந்தான். மேளக்காரரிடமிருந்து தவிலை வாங்கினான். தவில்காரர்கள் விரலில் போடும் கூடுகூட மாட்டவில்லை. வெறும் கையால் கெட்டிமேளம்!

முடித்துவிட்டுக் கேட்டான்: "இப்ப சரியா விழுந்துச்சாடா?"

"அன்னிக்கும் சரியாத்தான்டா விழுந்துச்சு. எனக்குத்தான் அறிவில்ல."

கட்டிப் பிடித்துக்கொண்டு இருவரும் அழுதார்கள். நானும்தான்.

ஆனால் என் அழுகைக்கு இன்னொரு காரணம் உண்டு.

அன்று தும்மியது முன் வரிசையில் யாரோ என்றுதான் இருவரும் இன்றுவரை நம்புகிறார்கள்.

லூயி, செல்வம்... ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் யாரோ கொசுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள்.

தும்மினது நான்தான்டா!

பன்னிரண்டு வருஷமா சொல்ல வாய் வரல. மன்னிச்சுடுங்கடா.

(நாளைக்கும் என்னோட பேசுவீங்கதானே?)