ஸ்லீமாவிலிருந்து வந்த அழைப்பு

மார்த்தேஸ் ஸ்பிட்டேரிக்கு அந்த வேலை கிடைத்ததே அம்மா பேசிய ஜெர்மனால்தான். அம்மா ஆஸ்திரியாவில் ஸ்டைரியா மலைப்பக்கத்துக்காரி. விடுமுறைக்கு மால்ட்டா வந்தவள், ஓட்டலில் பரிமாறிய ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். அந்த மலைப்பேச்சு மகளுக்கும் அப்படியே வரும். ஸ்லீமா கடற்கரையில் இருந்த இணையச் சூதாட்ட நிறுவனத்துக்கு அப்படி ஒரு வாய்தான் தேவைப்பட்டது. நிறைய ஆடுகிறவர்களைக் கூப்பிட்டு நலம் விசாரிக்க வேண்டும். விலகிப் போகிறவர்களை இலவச ஆட்டம் காட்டித் திருப்பி இழுக்க வேண்டும்.

அவள் சேர்ந்த அன்றே மேலாளர் டங்கன் சொல்லிவிட்டான்.

“நாட்டுக்கு நாடு சட்டம் வேற. ஜெர்மனிக்காரன் தன்கிட்டயே உரிமம் வாங்கணும்கிறான். நார்வேயில அரசாங்கத்தத் தவிர எவனும் நடத்தக் கூடாது. ஆஸ்திரியாவுல ஒருத்தனுக்குத்தான் உரிமம், அது நாம இல்ல. யாராவது கேட்டா, மால்ட்டா உரிமம் இருக்கு, ஐரோப்பா பூரா செல்லும்னு சொல்லிடு.”

“செல்லுமா?”

“நீ என்ன வக்கீலா? சிரிச்சுப் பேசு, அது போதும்.”

அவள் சிரித்துப் பேசினாள். அவளிடம் ஒப்படைக்கப்பட்டவர்களில் கெர்நோட் பிஹ்லர் என்பவரும் ஒருவர். லியோபென் ஊரில் வீடுகளுக்குக் கணப்படுப்பு கட்டுகிற கொத்தனார், தனிக்கட்டை. மூட்டுவலி, மழை, செத்துப்போன நாய் என்று எதையும் அவளிடம் சொல்வார். “உன் பேச்சக் கேட்டா சொந்தக்காரங்க வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கு, பொண்ணே” என்பார். இரண்டு தடவை ஆட்டத்தை விட்டார். இரண்டு தடவையும் அவள்தான் கூப்பிட்டு அழைத்துவந்தாள். ஒருநாள் அவர் பெயர் அவள் கணினியிலிருந்து மறைந்தது. மூன்றாவது தடவையாவது தப்பித்தாரே என்று அவள் உள்ளுக்குள் நிம்மதிப்பட்டாள்.

மறு வசந்தத்தில், மதிய இடைவேளையில் அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் பஸ்திட்சிப் பலகாரம் வாங்கிக்கொண்டு அம்மாவிடம் தொலைபேசியில் மலைப்பேச்சில் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற நரைத்த தலைப் பெண்மணி சட்டென்று திரும்பினாள்.

“இந்தக் குரல எனக்குத் தெரியும். என் தம்பி வீட்டுல ஸ்பீக்கர்ல கேட்டிருக்கேன். கெர்நோட்டோட அக்கா நான், வால்ட்ராவுட்.”

மார்த்தேஸ் பொட்டலத்தோடு ஓரடி பின்வாங்கினாள். அடிப்பாளோ என்றுகூட நினைத்தாள். வால்ட்ராவுட் அடிக்கவில்லை.

“வீடு போச்சு. எங்கூடத்தான் இருக்கான். உரிமம் இல்லாதவன் நடத்துன ஆட்டம், தோத்தத எல்லாம் திருப்பிக் குடுன்னு எங்க கோர்ட்டு சொல்லிடுச்சும்மா. ஜெயிச்சுட்டோம்னு கேக் வெட்டுனோம்! இங்க வந்து வக்கீலப் பாத்தா, அந்தத் தீர்ப்பு இந்தத் தீவுல செல்லாது, அதுக்குன்னே சட்டம் போட்டாச்சுங்கறார். உங்க ஆபீஸ்ல வாசப்படி ஏறவே விடல.”

“நான் என்ன செய்ய முடியும்மா?”

“மாசக்கணக்கா அவன் யார்கிட்டயும் பேசறதில்ல. நீ ஒரு தடவ பேசு. அவன் மேல தப்பில்லன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பான்.”

வால்ட்ராவுட் தன் தொலைபேசியில் வீட்டு எண்ணைப் போட்டு அவளிடம் நீட்டினாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு கெர்நோட் எடுத்தார்.

“ஹலோ, மார்த்தேஸ் பேசறேன்.”

“பொண்ணே! எங்க போன இத்தன நாளா? கூப்பிடுவேன்னு தெரியும் எனக்கு!” அடைத்திருந்த மதகு திறந்ததுபோல் பேசினார். மூட்டு இப்போது தேவலையாம். அக்கா சமையலில் உப்பே இல்லையாம். தம்பியின் குரலைக் கேட்ட வால்ட்ராவுட் முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பேச்சை நிறுத்தி அவர் கேட்டார். “சரி, இன்னிக்கு எனக்கு என்ன வெச்சிருக்க? எத்தன ஆட்டம் இலவசம்?”

“ஒண்ணும் இல்ல, ஐயா. இனிமே ஒண்ணும் கிடையாது. நான் உங்கள ஏமாத்திட்டேன். உங்க மேல தப்பில்ல. இனி ஆடாதீங்க.”



“அப்ப எதுக்குக் கூப்பிட்ட?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

வழக்குப் போட்டவர்களின் ஆளோடு அவள் பேசியதை அலுவலக வாசல் காவலாளி பார்த்திருந்தான். மாலைக்குள் டங்கன் அவளுடைய நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டான். “பாவம் பாத்தா இந்தத் தொழில் நடக்குமா?” என்றான், கோபமில்லாமல். அவள் கௌராவில் ஒரு ஓட்டல் வரவேற்பில் சேர்ந்தாள். தீர்ப்பை நிறைவேற்றக் கோரித் தம்பிக்காக வால்ட்ராவுட் போட்ட மனுவை வல்லெட்டா நீதிமன்றம் தள்ளிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு மார்த்தேஸ் தயங்கித் தயங்கித்தான் வால்ட்ராவுட்டைக் கூப்பிட்டாள்.

“மறுபடி ஆடறான். கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ தீவாம், அங்க உரிமம் வாங்குன ஆளுங்களாம். அவங்க யாரும் கூப்பிட்டுப் பேசறதில்ல” என்றாள் வால்ட்ராவுட். “அவனுக்கும் இப்ப யாரும் பேச வேண்டியதில்ல. கதவச் சாத்திக்கறான்.”

பிறகு, அம்மா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். நன்றாக இருக்கிறாள் என்றாள் மார்த்தேஸ். இருவரும் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வைத்துவிட்டார்கள்.