குழி தோண்டிக் கண்டுபிடித்த சொந்தக்காரர்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். எங்கள் ஊர் வில்லியனூரைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராப்பகலாக ஓடுகிற ரோடு. அதில் எங்கள் ஊர் முனையில் ஒரு பள்ளம். லாரிச் சக்கரமே பாதி முங்கும்.

ஆஸ்பத்திரிக்கு வேறு வழி கிடையாது. வழக்கமாக வரும் ஆட்டோக்காரர் ஒருநாள் கும்பிடு போட்டுவிட்டார். "அக்காவ ஏத்திகினு அந்தப் பள்ளத்துல எறங்க என்னால ஆவாதுண்ணா." மனைவி முறைத்தது என்னவோ என்னைத்தான். "இன்னாங்க, புள்ளைய நடுரோட்டுல பெத்துக்கவா?" எனக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது.

மனு எழுதிக்கொண்டு கிளம்பினேன். உள்ளூர் அலுவலகத்தில், இது நெடுஞ்சாலை, அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். நெடுஞ்சாலை அலுவலகத்தில், அகலப்படுத்தும் வேலை முடியவில்லை, அந்தத் துண்டு இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை என்றார்கள். உலகத்துக்கே சரக்கு போகிற ரோடு, கேட்க நாதியில்லை! நான்கு முறை அலைந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

இதற்கிடையில் வளைகாப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் விசேஷம் உண்டா? மனைவி படம், என் படம், போதாததற்கு நான் கூலிங்கிளாஸ் போட்ட படம் என்று ஆளுயரத்துக்கு அடித்தாயிற்று. சவுக்குக் கம்பு நடுவதற்கு, கடப்பாரையால் தார் ஓரத்தில் இரண்டு குழி தோண்டினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தப்புதான்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஜீப் வந்து நின்றது.

"யார்யா எங்க ரோட்ட நோண்டனது?"

இறங்கியவர், நெடுஞ்சாலை அலுவலகத்தில் என் மனுவைத் திருப்பிக் கொடுத்த அதே அதிகாரி.

"சார், இன்னா சொன்னீங்க? எங்க ரோடா?"

"பின்ன, உங்க வூட்டு ரோடா?"

கையோடு நோட்டீசும் எழுதினார். 'எமது பராமரிப்பில் உள்ள சாலையைச் சேதப்படுத்தியமைக்கு' என்று ஆரம்பித்து, கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடப்பாரையும் கையுமாக நின்று நன்றி சொன்னேன். மனிதர் குழம்பிப்போய் ஜீப்பில் ஏறினார்.

பேனரைக் கழற்றி, குழிகளை மூடி, மன்னிப்புக் கடிதம் எழுதினேன். கூடவே ஐந்தாவது மனு, அதனோடு அந்த நோட்டீசின் நகல். வாங்கிப் படித்த அதிகாரி, நகலில் இருந்த தன் கையெழுத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கில்லாடிய்யா நீ" என்றார். பத்தாம் நாள் ஜல்லியும் தாரும் வந்து இறங்கின.

வலி எடுத்த அன்று அதே ஆட்டோ எங்களைக் குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மகளின் பிறப்புச் சான்றிதழோடு அந்த நோட்டீசையும் ஒரே கவரில் பத்திரமாக வைத்திருக்கிறேன். முறையாகக் கேட்டபோது கிடைக்காத பதில், தப்பு செய்தபோது சீல் குத்திக் கிடைத்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது, கூடவே கோபமும் வருகிறது.