‘அஞ்ச வேண்டாம்’ என்று அச்சடித்த தாள்

1. சந்தை நாள்

சடையன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வத்தல்மலையிலிருந்து புளி மூட்டையோடு தர்மபுரி சந்தைக்கு இறங்குகிறவன், தோளை உருவிக்கொள்ள என் கடைக்கு வருவது வழக்கம்.

“பாய், உங்க தாளு நல்ல உபகாரமுங்க. எந் தங்கச்சி குப்பாயிக்குக் கொழந்த பொறந்து பன்னண்டு நாளாச்சு. எடது காலு மட்டும் தொடை வரைக்கும் வீங்கிக் கெடக்குது. உங்க தாள்ல சொன்ன மாதிரிதான் மச்சான் எண்ணெ போட்டு உருவுறாரு.”

அவன் தோளில் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. “எத்தனை நாளா?”

“நேத்து ஒருக்கா லேசாத் தடவுனாரு. அவ கத்துனா, உட்டுட்டாரு. ‘வலிக்கும், அஞ்ச வேண்டாம்’னு தாள்லயே போட்டிருக்குதாமே, பாரஸ்ட்டுக் காவக்காரரு படிச்சுச் சொன்னாருங்க. இன்னிக்கு மாடு திரும்புற நேரத்துல நல்லா அழுத்தி உருவுங்க மச்சான்னு சொல்லிட்டு வந்தேன்.”

“அஞ்ச வேண்டாம்” என்று எழுதியவன் நான்.

2. தாளில் விட்டுப்போனது

இப்போது மசாஜ் தொழில் செய்கிற தம்பிகள் வாடிக்கைக்காரர்களுக்கு மாதாமாதம் கடிதம் போடுகிறார்களாம். “என்ன எழுதலாம் பாய்?” என்று என்னிடம் கேட்கிறார்கள். நானும் அந்தக் காலத்தில் தாள் போட்டவன்தான். தர்மபுரியும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் ஜில்லாவிலேயே முதலில் தாள் அச்சடித்துக் கொடுத்த சுளுக்கு வழிக்கிறவன் நானாகத்தான் இருப்பேன் என்று ஒரு கர்வம் வேறு எனக்கு இருந்தது.

எழுத விஷயத்துக்கா பஞ்சம்? மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கழுத்துப் பிடிப்பு ஒரு தாள். வண்டியோட்டிகளுக்கு இடுப்புக் குடைச்சல் ஒரு தாள். எண்ணெயை நேரே நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குவது பற்றி ஒரு தாள். வருகிறவர்களில் யாரிடம் கடிகாரம் இருந்தது? அதனால் மணிக் கணக்கு எழுதாமல், “காலையில் கஞ்சிக்கு முன் ஒருமுறை, மாடு பட்டிக்குத் திரும்பும் நேரத்தில் ஒருமுறை” என்று எழுதுவேன். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று.

நான்காவது தாள் கால் வலி பற்றியது. உலகச் சண்டைக் காலம், காகிதம் கிடைக்கவில்லை. “பாதித் தாள்தான் பாய், அதுக்கு மேல இல்லை” என்று அச்சுக்கூடக்காரர் கையை விரித்துவிட்டார். நான் எழுதிக் கொடுத்திருந்ததில் கடைசியாக ஒரு பத்தி இருந்தது: யார் காலைத் தேய்க்கவே கூடாது என்று. அதற்குக் கீழே நான் புதிதாகக் காய்ச்சிய தைலத்தின் விளம்பரம். இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

விளம்பரத்தை வைத்துக்கொண்டேன். பத்தியை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம் என்றேன். கூடாது, கூடாது என்று எழுதினால் வருகிறவனும் பயந்து ஓடிவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.

விவரம் தெரியாமல் செய்திருந்தாலாவது மன்னிக்கலாம். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் மசாஜ் வார்டில் இருந்தவன் நான். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்த நோயாளியை, சுளுக்கு என்று நினைத்துப் புதிதாக வந்த ஒருவன் உருவினான். நோயாளி எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்தார். அவ்வளவுதான். “ரத்தம் உறைஞ்சு உள்ளே கட்டியா நிக்குது. தேய்ச்சா அது கிளம்பி நெஞ்சுக்குப் போயிடும். பிள்ளை பெத்தவங்களுக்கு இது வரும், ஜாக்கிரதை” என்று டாக்டர் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார். விட்டுப்போன பத்தியில் நான் எழுதியிருந்தது அதைத்தான்.

3. மலைப் பாதை

“கெளம்பு சடையா!”

“மூட்டைய வித்துட்டு வந்தர்றேனுங்க...”

“மூட்டை கெடக்கட்டும்யா! உன் தங்கச்சி உசிரு!” என்று கத்தினேன். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்போதுதான் போனது.

மலையடிவாரம் வரை ஜட்கா வண்டி. அதற்கு மேல் கால்நடைதான். பாதி மலை ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. சடையன் முன்னால் ஓடுவான், நின்று திரும்பிப் பார்ப்பான். “தேய்ச்சா என்னங்க ஆகும், பாய்?” என்று கேட்பான். சொன்னால் அவனுக்குக் கால் ஓடாது.

“நீ ஓடு. எனக்காக நிக்காதே. கையை வைக்காதேன்னு சொல்லு, போ!” என்று துரத்தினேன்.

அவன் பாறை வளைவில் மறைந்தான். நான் தனியாக ஏறினேன். யா அல்லா, யா அல்லா என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. வெயில் தணிந்துகொண்டே வந்தது. அப்போது மேலே எங்கேயோ மாட்டு மணிச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு கும்பலாக. மாடுகள் பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தவனும் நானல்லவா!

4. கையை எடு

குப்பாயி வீட்டு வாசலில் சடையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரைத்தபடி நின்றான். அவன் மச்சான் பொன்னன் அவனிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். பொன்னனின் இரண்டு கையும் எண்ணெய்.

“தேய்ச்சுட்டியா?” என்றேன்.

“இப்பத்தான் முட்டியில கை வெச்சேன். இவன் ஓடியாந்து இழுத்துத் தள்ளிட்டான். என்னங்க கூத்து இது?”

உள்ளே போனேன். குப்பாயி பாயில் கிடந்தாள், பக்கத்தில் குழந்தை. இடது கால் வெளுத்து, பளபளவென்று வீங்கியிருந்தது. புறங்கையால் தொட்டேன், அனல். அவளுக்கு மூச்சு சீராக இருந்தது. நெஞ்சு வலி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நான் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த தானியக் குதிரில் ராகிக் கூழ் தடவி என் தாளை ஒட்டி வைத்திருந்தார்கள்.

“காலை ஒசத்தி வையுங்க. யாரும் தொடக் கூடாது, உருவக் கூடாது, நடக்க வைக்கக் கூடாது” என்றேன்.

பொன்னன் அந்தத் தாளைக் காட்டினான். “தேய்க்கச் சொன்னதும் நீங்கதான். தேய்க்கக் கூடாதுங்கறதும் நீங்கதான். நாங்க எதைத்தாங்க நம்பறது?”

“தப்பு என்னோடதுதான் அப்பா” என்றேன். தாளில் நான் வெட்டின பத்தியில் இருந்ததை அவர்களுக்குச் சொன்னேன்.

மறுநாள் டவுன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஓடினேன். படுக்கையிலேயே இருக்கட்டும், டோலி கட்டித் தூக்கி இறக்க வேண்டாம், கண்டம் தாண்ட ஒரு மாசமாவது ஆகும் என்றார். அந்த ஒரு மாதமும் சந்தை நாளில் கடை வாசலிலேயே நிற்பேன். கூட்டத்தில் சடையன் தலை தெரிந்ததும் முதலில் அவன் முகத்தைத்தான் பார்ப்பேன். “இருக்கறாளுங்க” என்பான். அதற்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கும்.

5. திரும்பி வராதவை

இரண்டு மாதம் கழித்து ஒரு சந்தை நாளில் குப்பாயியே வந்து என் கடை வாசலில் நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் அந்தத் தாள். குதிரிலிருந்து உரித்து எடுத்ததில் ஓரமெல்லாம் கிழிந்திருந்தது.

“நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்டேன்.

“இருக்கறனுங்க. இதுல எழுதாம உட்டத இதுலயே எழுதிக் குடுங்க, பாய். எங்க மலையில இன்னும் ரெண்டு பேரு முழுகாம இருக்கறாங்க.”

“அஞ்ச வேண்டாம்” என்ற வரியை அடித்துவிட்டு, விட்டுப்போன பத்தியை மேலே, கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் போட்ட எல்லாத் தாளிலும், கழுத்தோ இடுப்போ காலோ எதைப் பற்றியதானாலும், யார் செய்யக் கூடாது என்பதுதான் முதல் வரி. தம்பிகளுக்கு நான் சொல்வதும் அவ்வளவுதான். கடிதம் போடுங்கள், விளம்பரமும் போடுங்கள். ஆனால் இடம் போதவில்லை என்றால் விளம்பரத்தை வெட்டுங்கள். உங்கள் கையைப் பாதியில் நிறுத்தலாம். நீங்கள் எழுதியதைப் படித்து எங்கோ ஒருவன் கையை வைக்கும்போது, தடுக்க நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

கால் வலி பற்றிய அந்தத் தாளில் நான் கொடுத்தது அறுபது. சந்தை சந்தையாக, ஊர் ஊராகத் தேடிப் போய் நாற்பத்தொன்பதைத் திரும்ப வாங்கிவிட்டேன். மீதிப் பதினொன்று எந்த வீட்டுக் குதிரில் ஒட்டியிருந்ததோ, யார் படித்துச் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. இந்த வயதிலும் சாயங்காலம் மாட்டு மணிச் சத்தம் கேட்டால் அந்தப் பதினொன்றைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.