கை உயர்ந்த பிறகுதான் பந்து

1. பதினாலு செகண்ட்

அரையிறுதியில் ஒரு பாயிண்ட் பின்தங்கி இருந்தோம். மிச்சம் பதினாலு செகண்ட். ஆட்டம் நடந்தது புதுக்கோட்டையில். ஆவூர்ப் பக்கமிருந்து எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். சித்தப்பா எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக வந்து தட்டிக்கொண்டே இருந்தார். சொந்த ஊர்க் கூட்டம் பலம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது கூடுதல் பயம்.

அப்போது நான் திருச்சியில் ஒரு நிறுவனத்தின் மகளிர் கூடைப்பந்து அணியில் காண்ட்ராக்ட் ஆள். பாயிண்ட் கார்டு. பந்தை மேலே கொண்டுவந்து, யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கத்திச் சொல்லி, ஓடுகிற ஆளுக்குக் கொடுப்பது என் வேலை. காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. அணியில் பாயிண்ட் கார்டு இரண்டு பேர். நிரந்தர வேலை ஒருத்திக்குத்தான். போட்டி முடிந்ததும் கோச் எழுதுகிற ரிப்போர்ட்டை வைத்து முடிவு. இன்னொருத்தி டிகிரி படித்தவள், விளையாட்டு இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்வாள். நான் பத்தாவதோடு நின்றவள். இதை நினைத்து நினைத்து அன்று ஷூ லேஸை நாலு தடவை அவிழ்த்துக் கட்டியிருப்பேன்.

டைம் அவுட்டில் கோச் சொன்னார்: "ஜெசிந்தா, நீ உள்ள போ. ரெண்டு பேரு உன்மேல வருவாங்க. விமலா ஃப்ரீயா இருப்பா. எந்தப் பக்கம்னு நீதான் சொல்லணும்."

எங்களுக்குள் அதற்கு இரண்டு சொல் இருந்தது. எங்கள் பெஞ்ச் இருக்கிற பக்கம் என்றால் 'இங்கிட்டு'. எதிர்ப்பக்கம் என்றால் 'அங்கிட்டு'. நான் ஊர்ப்பேச்சில் கத்தியதைக் கேட்டு, "நல்லாருக்கே, வெளி மாநிலக்காரங்களுக்குப் புரியாது" என்று கோச்தான் அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆறு மாதம் பயிற்சியில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

உள்ளே போனேன். சொன்னபடி இரண்டு பேர் வந்தார்கள். "அங்கிட்டு!" என்று கத்திப் பந்தை எறிந்தேன். விமலா அக்கா பெஞ்ச் பக்கம் ஓடினார். பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்து, கோட்டைத் தாண்டி எங்கள் ஊர்க்காரர்கள் பக்கம் உருண்டது. சித்தப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பந்தைப் பிடித்தார். அதற்குப் பிறகு மைதானத்தில் சத்தமே இல்லை. தோற்றோம்.

2. யார் தப்பு?

டிரஸ்ஸிங் ரூமில் கோச் கேட்டார், "யாரு தப்பு?"

விமலா அக்கா சென்னைக்காரர், அணியில் மூத்தவர். "இவ இங்கிட்டுன்னுதான் சார் கத்துனா."

"இல்லக்கா, அங்கிட்டுன்னேன்."

"எனக்கு 'கிட்டு'ன்னுதான்டி கேட்டுது. யாரு அந்தக் கிட்டு, உன் மாமா பையனா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 'கிட்டு' என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு சொல்லுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். பயிற்சி நடப்பது காலி மைதானத்தில். அங்கே முழுச் சொல்லும் கேட்கும். கூட்டம் கத்தும்போது முதல் எழுத்து அமுங்கிப்போகும், வால் மட்டும் மிஞ்சும். கூட்டத்துக்கு நடுவில் ஒருநாளாவது அதைச் சோதித்துப் பார்த்தேனா? எதற்கெல்லாமோ கவலைப்பட்ட நான் இதற்குக் கவலைப்படவில்லை.

"அக்கா மேல தப்பில்ல சார். சொல்லு சரியில்ல. நாந்தான் பாத்திருக்கணும்" என்றேன். சொல்லி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ரிப்போர்ட் எழுதப் போகிறவரிடம் நானே தப்பை ஒப்புக்கொண்டுவிட்டேனே!

"நாளைக்கு மூணாவது இடத்துக்கு மேட்ச் இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

3. ஆவூரும் மலையும்

காலையில் விமலா அக்காவே ஒரு யோசனையோடு வந்தார். வேனில் வரும்போது போர்டில் பார்த்த பெயர்களாம். "அன்னவாசல், சித்தன்னவாசல். ரெண்டும் உங்க ஊருப் பேருதானே, வெச்சுக்கலாம்."

"அக்கா, மறுபடியும் அதே கதைக்கா. ரெண்டுலயும் வாசல்தான் கேக்கும்."

"அப்ப குடுமியான்மலை?"

"நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மேட்ச் முடிஞ்சிரும்."

கடைசியில் பெஞ்ச் பக்கத்துக்கு 'ஆவூர்', எதிர்ப்பக்கத்துக்கு 'மலை' என்று முடிவானது. நான் இன்னொன்றும் கேட்டேன். "கேட்டுச்சுன்னா கைய முட்டியா மடக்கி மேல காட்டுங்கக்கா. அதப் பாத்துட்டுத்தான் பந்து போடுவேன்."

"காட்டலன்னா?"

"போட மாட்டேன்."

"சரியான பயந்தாங்கொள்ளிடி நீ" என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கடைசி நிமிடம் வரை சமநிலை. "மலை!" என்று கத்தினேன். அக்காவின் கை உயரவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டே நின்றேன். கூடைக்கு எறிந்தாக வேண்டிய நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக்கில் ஆறு, ஐந்து. "போடும்மா!" என்று கோச் கத்தினார். "போடு ஆத்தா, போடு!" என்றார் சித்தப்பா. மறுபடியும் "மலை!" என்றேன். மூன்றில் கை உயர்ந்தது. பந்து போனது. அக்கா கூடையில் போட்டார். இரண்டு பாயிண்டில் ஜெயித்தோம்.

கோச் என்னிடம் வந்தார். "ஷாட் கிளாக் முடிஞ்சிருந்தா என்ன பண்ணிருப்ப?"

"பந்து அவங்களுக்குப் போயிருக்கும் சார். ஆனா கேக்காத ஆளுக்குப் போட்டாலும் அவங்களுக்குத்தானே போகும்?"

அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அதே அணியில் ஆடினேன். இப்போது ஆட வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: நீங்கள் கத்தியதோடு உங்கள் வேலை முடியவில்லை. எதிரில் இருக்கிறவர் காதில் என்ன விழுந்தது என்று பாருங்கள். பயந்த சுபாவம் என்றால் கூச்சப்படாதீர்கள், ரெண்டு தடவை பாருங்கள்.

அந்தப் போட்டி முடிந்து நிரந்தர வேலைக்கான ஆர்டர் வாங்கப் போன அன்று, அதிகாரி காகிதத்தை நீட்டியபடி, "திங்கக்கிழமை ஒன்பதரைக்கு செக்‌ஷனுக்கு வந்துரணும். லேட் ஆகக் கூடாது, கேட்டுச்சாம்மா?" என்றார்.

கையை முட்டியாக மடக்கி மேலே உயர்த்தினேன்.