கிளித் தட்டின் கீறல்

“கிளிப்படம் அழகா இருக்கும்மா. ஆனா மேல கிழிஞ்ச சிவப்புக் காகிதம் ஒட்டிருக்கு, தட்டுல கீறல் வேற. நல்லதா ஒன்னு தேடலாம் லா” என்றாள் லேபிளுக்காகவே பழைய இசைத்தட்டுகளைச் சேர்க்கும் என் மகள்.

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். “எம்புள்ள சின்னதுங்க ஐயா” என்று அப்பா கெஞ்சியும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அவரைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு எழுதிக்கொடுத்தான். மறுநாளே அப்பாவின் கிராமபோனையும் தட்டுகளையும் அள்ளிப்போனான். அவன் வீட்டில்தான் அம்மா பாத்திரம் தேய்த்தாள்.

காலைதோறும் நாங்கள் குனிந்து நிற்க, கிராணி ஜப்பான் தேசியப் பாட்டு வைப்பான். தட்டிலிருந்த ஜப்பான் எழுத்து அவனுக்குத் தெரியாது; நடுவிலுள்ள சிவப்பு வட்டம்தான் அடையாளம். எட்டு வயதில், அம்மாவோடு அவன் வீட்டுக்குப் போன நான் அந்தத் தட்டை விறகுக்குள் ஒளித்தேன். அப்பாவின் கிளித் தட்டில் மரவள்ளிப் பசையால் சிவப்புக் காகித வட்டம் ஒட்டி, அதனிடத்தில் வைத்தேன்.

காலையில் ஜப்பான் அதிகாரி முன்னால், தட்டிலிருந்து ஒரு கோமாளி விழுந்து விழுந்து சிரித்தான். அதிகாரி அறைந்த அறையில் கிராணி கிராமபோன் மேல் சரிந்தான். ஊசி தட்டைக் கீறியது.

“எம்புள்ள சின்னதுங்க தொரை” என்று கிராணி அழுதான்.

அதிகாரி வீசியெறிந்த தட்டை நான் எடுத்துவந்தேன். அப்பா வரவேயில்லை.

“வேற வேணாம்” என்றேன் மகளிடம். “ஊசிய அந்தக் கீறல்லயே வை.”