மூன்று முறை அடித்த மணி

இது கதையில்லை, நடந்தது. ராத்திரிகூட இல்லை. நல்ல பகல் வெளிச்சம், பிற்பகல் 3:10. எந்தக் கம்பி எங்கே போனது, எத்தனை மணிக்கு எவ்வளவு சூடு என்பதை மட்டும் சொல்கிறேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவனுக்கு அப்படித்தான் சொல்ல வரும். மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாடியில் அண்ணனும் அண்ணியும். கீழே என் பட்டறை. அண்ணனுக்கு லிம்போமா, நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். கழுத்தில் கோலிக்குண்டு அளவு கட்டியாக ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ, மொத்தம் ஆறு. நான்கு முடிந்திருந்தன. கட்டி கரைந்துகொண்டு வந்தது. டாக்டரே சிரித்துப் பேச ஆரம்பித்திருந்தார்.

இனி ஆபத்து கட்டியால் இல்லை, காய்ச்சலால்தான். ஏன் என்று சொல்கிறேன். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அடிக்கும். புற்றுச் செல் அப்படிப் பெருகுவது. வெள்ளை அணுக்களை உண்டாக்கும் செல்களும் அப்படித்தான். மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு உடம்பில் காவலுக்கு ஆளே இருக்காது. கிருமி உள்ளே வந்தால் தெரிவதற்கு ஒரே அடையாளம் காய்ச்சல். 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் மாத்திரை போட்டு அதை மறைத்துவிடக் கூடாது.

இதையெல்லாம் தாளில் படம் போட்டு விளக்கினேன். இருவரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு மணியும் செய்து கொடுத்தேன். அண்ணன் கட்டிலருகே பொத்தான். அதிலிருந்து சுவரோரமாகக் கீழே இறங்கும் கம்பி. பட்டறையில் பேட்டரியும் மணியும். பொத்தானை அழுத்தினால் சுற்று முழுமையாகும், மணி அடிக்கும். ஒரு முறை அடித்தால் தண்ணீர். இரண்டு என்றால் பேச்சுத்துணைக்கு வா. மூன்று என்றால் காய்ச்சல்.

அண்ணன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இரண்டு அடிப்பான். ஓடிப் போய் நின்றால் சிரிப்பான். அவனுக்கு நான் ஸ்க்ரூ.

"ஒண்ணுமில்லடா ஸ்க்ரூ. உன் மணி வேலை செய்யுதான்னு பார்த்தேன்."

"வேலை செய்யுது. என்னைத்தான் வேலை செய்ய விட மாட்டேங்குது."

நான்காவது கீமோவுக்குப் பிறகு அந்த இரண்டு மணி நின்றுபோனது. பத்தாம் நாள் வியாழக்கிழமை. திங்களிலிருந்து மணி அடிக்கவே இல்லை. சோர்வாக இருப்பான் என்று நினைத்தேன்.

வியாழன் பிற்பகல் 3:10.

டிங். டிங். டிங்.

மூன்று. நான் படியேறி ஓடினேன். அண்ணன் போர்வைக்குள் கண்மூடிப் படுத்திருந்தான். அண்ணி வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"என்ன தம்பி?"

"மூணு தடவை மணி அடிச்சதே அண்ணி."

அவர் முகம் வெளிறியது. "மணியா... யாரும் அடிக்கலையே."

பேசிக்கொண்டே அலமாரியின் கீழ் இழுப்பறையைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சுவரில் மாட்டியிருந்த காய்ச்சல் தாளைக் காட்டினார். காலை 36.8. மதியம் 36.8. மூன்று நாளாக இதே கணக்கு. கீழே இறங்கி வந்த பிறகுதான் எனக்கு உறுத்தியது. மனித உடம்பு சாயங்காலத்தில் கொஞ்சம் சூடு ஏறும், விடிகாலையில் இறங்கும். ஒரே கோட்டில் நிற்காது. இந்தத் தாளில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

3:40. மறுபடியும் மூன்று.

எங்கோ கம்பி உரசுகிறது என்று நினைத்தேன். பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். பேட்டரி இல்லாமல் மணி அடிக்காது. அடிக்கவே முடியாது.

4:05. பேட்டரி என் கண்ணெதிரே மேசைமேல் கிடந்தது.

டிங்.

டிங்.

டிங்...

வெப்பமானியை எடுத்தேன். துப்பாக்கி மாதிரி இருக்கும். மோட்டார் பேரிங் சூட்டைத் தொடாமலே அளக்க வைத்திருப்பது. படியேறினேன். அண்ணி குறுக்கே வந்தார். விலக்கிவிட்டு அண்ணன் நெற்றிக்கு நேராகப் பிடித்தேன்.

38.9.

அதுவும் தோலில். உள்ளே இன்னும் கூடுதலாக இருக்கும்.

அண்ணன் கண் திறந்தான். "சொல்லிட்டாளா?"

பட்டறை வேனில் போகும்போது அண்ணி அழுதுகொண்டே சொன்னார். "திங்கக்கிழமையிலேர்ந்து காய்ச்சல் தம்பி. மாத்திரை குடுத்துக்கிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு ஒன்பது நாள் அங்கே தனியறையில் கிடந்தான். அந்த வெறுப்பு. புரிகிறது. ஆனால் மூன்று நாள் நான் அவர்களுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். மேலே இரண்டு பேர் சேர்ந்து எனக்காக 36.8 என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

பின்சீட்டிலிருந்து அண்ணன் முணுமுணுத்தான். "உன்கிட்ட சொன்னா நீ வண்டிய எடுத்துடுவேடா."

4:50க்கு உள்ளே சேர்த்தோம். 6:15க்கு அண்ணி, துணியும் பழைய ரிப்போர்ட்டும் எடுத்து வரச் சொன்னார்.

6:40. வீட்டில் அண்ணன் அறை. மணியின் கம்பியைப் பார்த்தேன்.

அது கட்டில்வரை வரவில்லை. சுவரோடு வெட்டப்பட்டிருந்தது. புதிதாக வெட்டிய செம்பு பளபளக்கும். இது மங்கியிருந்தது. இன்று வெட்டியதில்லை.

அண்ணி பார்த்த இழுப்பறையைத் திறந்தேன். துணிகளுக்கு அடியில், சட்டையில் சுற்றி... பொத்தான். அண்ணி மனம் மாறி அழுத்திவிடக் கூடாது என்று அண்ணன் வெட்டி ஒளித்து வைத்தது.

கையில் எடுத்தேன். உடனே கீழே போட்டேன்.

காய்ச்சல் உடம்பு மாதிரி சுட்டது.

வெப்பமானியைப் பிடித்தேன். சுவர் 30. இழுப்பறை மரம் 30. பொத்தான்...

38.9.

பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்க ஆரம்பித்தது. 38.2. 37.4. 36.8. காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.

அது நிற்கவில்லை.

35.

33.

31...

30. சுவரும் பொத்தானும் ஒன்று.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 6:52.

6:58க்கு போன் அடித்தது. அண்ணி.

"காய்ச்சல் இறங்கிடுச்சு தம்பி. 36.8. தூங்குறார். அவசரப்படாம மெதுவா ஓட்டிக்கிட்டு வா."

மெதுவாகத்தான் ஓட்டினேன். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று போய்ச் சேர்ந்ததும் தெரிந்தது. எனக்காகச் சொன்ன கடைசிப் பொய். வழியில் நான் எதிலும் மோதிவிடக் கூடாது என்று. அவரை இன்னும் மன்னிக்கவில்லை. அண்ணனையும்தான்.

ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் அண்ணனின் பெயர், வயது, நோய், நேரம் எல்லாம் எழுதியிருந்தது.

நேரம் மாலை 6:52.