பஸ் சீட்டு போட்ட துணிக்கடை

கும்மிடிப்பூண்டி பஜாரில் என் அத்தை வைத்திருந்த துணிக்கடைக்கு எதிரி என்று யாரும் கிடையாது, புடவை எடுக்க வரும் பெண்களோடு கூட வருகிற ஆண்களைத் தவிர. பெண்கள் ஆசையாகத்தான் உள்ளே வருவார்கள். கூட வந்த புருஷனோ அண்ணனோ கடைக்குள் காலெடுத்து வைக்கமாட்டார். வாசலில் நிறுத்திய பைக்கின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நேரம் செல்போனை நோண்டுவார். பிறகு எதிரே இருந்த பழக்கடைக்குப் போய் எல்லாப் பழத்துக்கும் விலை கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்புவார். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் ஹாரனை அடிப்பார். உள்ளே இருக்கும் பெண்ணின் முகம் அந்தச் சத்தத்திலேயே மாறிவிடும். பாதி பிரித்த புடவையை அப்படியே போட்டுவிட்டு, அவர் கத்துவார், அப்புறம் வருகிறேன் என்று எழுந்து போய்விடுவாள். அந்த அப்புறம் வரவே வராது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு பக்கத்துத் தெருதான். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பெரும்பாலும் அத்தை கடையில்தான் இருப்பேன். பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து வைப்பது என் பொறுப்பு. நான் ஒருத்தி இல்லாவிட்டால் அந்தக் கடை ஒரு நாள்கூட ஓடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். நான் வீட்டுக்குப் போன பிறகு அத்தனை புடவையையும் அத்தை மறுபடியும் பிரித்து மடிப்பாள் என்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆடி மாதம் ஹைவே பக்கம் மூன்று மாடியில் ஏசி போட்ட பெரிய ஜவுளிக்கடை ஒன்று திறந்தார்கள். திறந்த அன்றைக்கே தள்ளுபடி. எங்கள் பஜார் அடங்கிப்போயிற்று. மாமா ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்கு எப்போதும் ஜெனரல் ஷிஃப்ட்தான். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டில் இருப்பார், ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, தீபாவளி வரைக்கும் பார்ப்போம், அதற்குள் வியாபாரம் நிமிராவிட்டால் கடையை மொபைல் விற்கிறவன் ஒருவனுக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் வந்து டேப் வைத்துச் சுவரை அளந்துகொண்டும் போனான். அத்தை வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாள் என்று மாமா நினைத்துக்கொண்டார். கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்தும் அந்த மனிதருக்கு அது பிடிபடவில்லை.

அத்தை கடையை விடுவதாக இல்லை. கடைக்கு வந்த சீக்கு என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஹாரன்தான். வெளியே நிற்கிற ஆணை உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டால் உள்ளே இருக்கிற பெண் நிதானமாகப் பார்ப்பாள், பார்த்தால் எடுப்பாள். அந்த ஏசி கடையில் எத்தனை மாடி ஏறினாலும் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது என்பதை அவள் போய்ப் பார்த்துவிட்டே வந்திருந்தாள்.

எங்கள் ஊரில் இரும்பு உருக்குகிற கம்பெனிகள் அதிகம். உடைப்பதற்கு வருகிற பழைய வண்டிகள் ரோட்டோரம் குவிந்து கிடக்கும். அத்தை ஒரு பழைய இரும்புக் கடையில் போய் நின்றாள். அங்கே கம்பெனி பஸ் ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் ஏற்றி இறக்கியே ஓய்ந்துபோன பஸ். ஆனால் சீட்டுகள் நன்றாக இருந்தன. தலை சாய்க்க உயரமான முதுகு, கைவைக்கக் கட்டை, அழுக்கு படிந்த மெரூன் ரெக்சின். ஒரு வரிசையைப் பேரம் பேசிக் கழற்றி குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். சோப்புப் போட்டுத் தேய்த்தது நாங்கள் இருவரும்தான். நைட்டி தொங்கிக்கொண்டிருந்த மூலையைக் காலி செய்து அங்கே போட்டோம். மேலே ஒரு ஃபேன், எதிரே, அத்தை வீட்டிலிருந்து தூக்கி வந்த டிவி. சாயங்காலம் வந்த மாமா, பெண்களுக்குத் துணி விற்கிற கடையில் ஆண்களுக்குச் சிம்மாசனமா என்று கேட்டார். உட்கார்ந்து பாருங்கள், நன்றாக இருக்கிறது என்று மட்டும் அத்தை சொன்னாள். மாமா உட்காரவில்லை.

முதலில் உள்ளே வந்தவர் சீட்டின் நுனியில் கூச்சத்தோடுதான் உட்கார்ந்தார். டிவியில் கிரிக்கெட். பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தோம். ஒரு ஓவர் முடிவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. அடுத்து வந்தவரும் அப்படியே. மறுநாள் வந்தவர்களும் அப்படியே. நான் டிவியில்தான் ஏதோ கோளாறு என்று சேனலை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அத்தைதான் கண்டுபிடித்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிப்போவது அவர்களுக்கு வருஷக்கணக்கில் பழகிய விஷயம். முதுகு அந்த சீட்டில் பட்டால் போதும். பஸ் ஓடுகிறதா, பக்கத்தில் புடவை வியாபாரம் நடக்கிறதா என்றெல்லாம் உடம்பு விசாரிப்பதில்லை. ஒருவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கவரப்பேட்ட தாண்டிச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். நிம்மதியாக மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஹாரன் நின்றது. பெண்கள் சாவகாசமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். வியாபாரமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. ஆனால் நிமிர்ந்தது என்று சொல்லமுடியாது. ஏனென்றால் பார்ப்பவர்கள் எல்லோரும் எடுக்கவில்லை. அப்படி எடுக்காதவர்களில் முதல் இடம் ஒரு அக்காவுக்கு. அவளுக்கு நான் சின்ன பார்டர் அக்கா என்று பெயர் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை தவறாமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் புருஷனோடு வந்துவிடுவாள். அவர் உருக்கு ஆலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர். கண் இரண்டும் சிவந்திருக்கும், நடக்கும்போதே தள்ளாடுவார். சீட்டில் உட்கார்ந்தவுடன் ஆள் தூங்கிப்போய்விடுவார். அக்கா புடவைகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பாள். அத்தை ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "பார்டர் கொஞ்சம் சின்னதா இருந்தா நல்லா இருக்கும்க்கா," என்பாள். அத்தை அடுத்ததை எடுப்பாள். வெயில் இறங்கும் வரை இதே கதை. கடைசியில் ஒரு கர்சீப்போ ரவிக்கைத் துணியோ வாங்கிக்கொண்டு, புருஷனை மெல்லத் தோளில் தட்டி எழுப்பிக் கூட்டிப்போவாள். மலையாகக் குவிந்த புடவைகளை மடிப்பவள் நான்.

இவளை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். மொபைல் கடைக்காரன் டேப் பிடித்தது என் மனதிலேயே நின்றது. அத்தையின் கடை போய்விட்டால் நான் எங்கே போவேன்? தீபாவளிக்குள் இந்த அக்காவை ஒரு புடவை எடுக்கவைத்தே தீருவது என்று சபதம் போட்டுக்கொண்டேன். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து அலமாரிகளைக் குடைந்து, ஏணியில் ஏறி, கடையில் இருந்த சின்ன பார்டர் புடவைகள் அத்தனையையும் ஒரே அடுக்காகச் சேர்த்து வைத்தேன். சனிக்கிழமை அவள் வழக்கமான வசனத்தைச் சொல்லி வாயை மூடுவதற்குள் அந்த அடுக்கைத் தூக்கிவந்து அவள் மடியில் இறக்கினேன்.

அக்கா விழித்தாள். ஒரு புடவையைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள். எதிலும் குறை சொல்ல இடமில்லை. திரும்பி சீட்டுப் பக்கம் பார்த்தாள். புருஷன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். என்னிடம் திரும்பி, கலர் கொஞ்சம் லைட்டாக இருந்தால் தேவலை என்று தணிந்த குரலில் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை என் பக்கம் நகர்ந்து, இவ்வளவு அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் காட்டக்கூடாது என்று என்னைத்தான் கடிந்துகொண்டாள். அத்தையே கடையைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று தோன்றியது.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் கூட்டம். அன்று மாமாவுக்கு லீவு. வெகுநாள் வாடிக்கையான குடும்பம் ஒன்று வந்தது, கூட வந்த பெரியவருக்கு உட்கார இடமில்லை. அன்றைய சத்தத்தில் சீட்டுகளில் எல்லோரும் விழித்துக்கொண்டு டிவி பார்க்கிறார்கள், சின்ன பார்டர் அக்காவின் புருஷனைத் தவிர. அவர் எப்போது வந்தார், எத்தனை நேரமாகத் தூங்குகிறார் என்பதையெல்லாம் மாமா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். "இன்னா இது, துணிக்கடையா லாட்ஜா?" என்று கேட்டுக்கொண்டே அவரை எழுப்பக் கையை நீட்டிக்கொண்டு போனார். அக்கா கையில் பிடித்திருந்த புடவையோடு எழுந்துவிட்டாள். எனக்கோ, இப்போதாவது ஒரு முடிவு வரட்டும் என்றிருந்தது.

அத்தை எப்படி அவ்வளவு சீக்கிரம் கல்லாவைவிட்டு வந்தாள் என்று தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் அக்காவுக்கும்தான் கேட்டிருக்கும்.

"எழுப்பாதீங்க. அவங்களுது ஒரே ரூமு இருக்கிற லைன் ஊடு. மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, செவுத்துக்கு அந்தாண்ட மாவு மில்லு. ராத்திரி பூரா நெருப்பாண்ட நின்னுட்டு வர மனுஷன் பகல்ல எங்க தூங்குவாரு? எங்க அண்ணனுக்கு நைட் ஷிஃப்ட் வந்தா எங்க அண்ணி இந்தப் பொண்ண ஏன் இங்க அனுப்பிடுறாங்கன்னு நெனச்சினு இருக்கீங்க? எனக்கு வேல செய்யவா?"

கல்லாவில் தான் உட்காருகிற ஸ்டூலை எடுத்துவந்து பெரியவருக்குப் போட்டாள். அன்று கடை சாத்தும் வரை நின்றுகொண்டேதான் பில் போட்டாள். மாமா வெளியே போய் பைக்குகளுக்கு நடுவில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், டிவியின் சத்தத்தைக் குறைத்தார். என் அத்தையை நினைத்து நான் பெருமைப்படுவது அந்த ஒரு நாளுக்காகத்தான் என்று இப்போது சொல்வேன். அன்றைக்கு எனக்கு வந்தது ஆத்திரம். வேலை செய்யத்தானே என்னை அனுப்புகிறார்கள்? இத்தனை புடவையை மடித்தவளைப் பற்றி இப்படியா மாமாவிடம் சொல்வது? அடுத்த இரண்டு நாள் நான் அத்தையோடு பேசவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் சின்ன பார்டர் அக்கா வந்தாள். புருஷன் கூட இல்லை, அன்று முன்கூட்டியே வேலைக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக அவள் குடியிருந்த லைன் வீடுகளிலிருந்த பெண்கள் எல்லோரும் கூட வந்திருந்தார்கள். அவர்கள் பாவாடை சட்டையும் வேட்டியும் புடவையுமாக எடுக்க எடுக்க அத்தைக்குப் பில் போடக் கை போதவில்லை. மொபைல் கடைக்காரனுக்கு இடமில்லை என்று மாமாவே அன்று போன் செய்து சொல்லிவிட்டார். அக்கா மட்டும் உட்காரவே இல்லை. அடுக்கின் மேலே இருந்த ஒரு புடவையை எடுத்தாள், பிரிக்கக்கூட இல்லை. "இத போட்டுடுங்கக்கா," என்று அத்தையிடம் நீட்டினாள். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் புடவையின் பார்டர் ஒரு சாண் இருந்தது. கிட்டே போய், பார்டர் ரொம்பப் பெரிதாக இருக்கிறதே என்று எச்சரித்தேன்.

அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள். "எனக்குப் பெரிய பார்டர்தான் கண்ணு புடிக்கும்," என்றாள்.

வீட்டுக்கு ஓடினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே இந்த அநியாயத்தை அம்மாவிடம் சொல்லத் தொடங்கினேன். அம்மா விரலை உதட்டில் வைத்து உள்ளறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அப்பா ராத்திரி ஷிஃப்டுக்குப் போகவேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் காதருகே போய், குரலைத் தாழ்த்தி, மாதக்கணக்கில் எங்கள் கடையில் வந்து உட்கார்ந்தும் அந்த அக்காவுக்குத் தனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியவில்லை என்று சொல்லி முடித்தேன்.